செல் சொன்ன சாட்சி

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஆரோக்கியம் சம்பந்தமாக ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் இல்லை. கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, முப்பத்தைந்து வருஷம் மத்திய சர்க்காரில் ஃபைல் பார்த்து ரிடையர் ஆனவன். சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி இவற்றைப் பற்றி என்னைவிட உங்களுக்கே அதிகம் தெரியும். ஆகவே, எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு விஷயத்தையும், அதைப் புரிந்துகொள்வதற்காக நான் இந்த வயதில் மறுபடி உட்கார்ந்து படித்ததையும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். நடுவில் கொஞ்சம் விஞ்ஞானம் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் தங்கை பிள்ளைக்கு 2008-ல், முப்பத்தெட்டு வயதில், ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபீஸில் வழக்கமாகச் செய்யும் மெடிகல் செக்கப்பில் வெள்ளை அணுக்கள் லட்சத்தைத் தாண்டியிருந்தன. கிரானிக் மைலாய்ட் லுகேமியா, சுருக்கமாக சி.எம்.எல். என்று பெயர் சொன்னார்கள். குடும்பமே இடிந்துபோய் உட்கார்ந்தது. ஆனால் டாக்டர், "பயப்படாதீர்கள். இதற்கு இமாடினிப் என்று ஒரு மாத்திரை வந்திருக்கிறது. தினமும் தவறாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்" என்றார். அப்படியே ஆயிற்று. மூன்று மாதத்தில் ரத்தம் சரியாகி, பழையபடி வேலைக்குப் போனான். நான்கு வருஷம் நோயை நாங்கள் மறந்தே போனோம்.

2012-ல் கணக்கு மறுபடி ஏற ஆரம்பித்தது.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம். வெளியில் கண்டதைச் சாப்பிடுகிறான் என்றார் ஒருவர். டூர் போன இடத்தில் மாத்திரையை விட்டிருப்பான் என்றார் இன்னொருவர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைப் பலமாகச் சொன்னவன் நான்தான். "ஒழுங்கா சாப்பிட்டிருந்தா ஏண்டா இப்படி ஆகும்?" என்று அவன் மனைவி, குழந்தைகள் முன்னாலேயே கேட்டேன். அவன் பதில் பேசவில்லை. உள்ளே போய் நாலு வருஷத்துக் காலண்டர்களைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். ஒவ்வொரு தேதியிலும் ஒரு டிக். "எண்ணிப் பாருங்கோ மாமா" என்றான். நான் எண்ணவில்லை. நம்பவும் இல்லை.

டாக்டர் மருந்தை மாற்றினார். டாசாடினிப் என்று, இமாடினிப்பைவிட வீரியமான அடுத்த மாத்திரை. நான்கு மாதம் சாப்பிட்டான். ஒரு பிரயோஜனமும் இல்லை. பிறகு வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். அதன் ரிப்போர்ட்டில் முக்கியமாக இருந்தது ஒரே ஒரு வரி. அந்த வரியின் அர்த்தத்தை நான் தெரிந்துகொண்ட கதைதான் இன்றைய பேச்சு.

முத்திரை குத்தும் அதிகாரி

நம் செல்களுக்குள் கைனேஸ் என்ற ஒரு வகைப் புரோட்டீன்கள் உண்டு. 2002-ல் மனித ஜீன்களின் பட்டியலை வைத்து எண்ணியபோது 518 என்று கணக்கு வந்தது. இவர்களுடைய உத்தியோகம் என்ன? ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஃபைலில் முத்திரை குத்துவது. ஒரு புரோட்டீன் மேல் பாஸ்பேட் என்ற முத்திரை விழுந்தால் அது வேலையைத் தொடங்கும், அல்லது நிறுத்தும். "பெருகு", "நில்", "செத்துப் போ" என்று ஒரு செல்லுக்குப் போகும் உத்தரவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் மேஜை மேஜையாக நகர்கின்றன.

முத்திரைக்கு மை வேண்டுமே? அதுதான் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. ஒவ்வொரு கைனேஸிலும் ஒரு குழி இருக்கிறது. ஏ.டி.பி. அதில் வந்து உட்காரும். அதன் நுனியில் இருக்கும் பாஸ்பேட்டைப் பிய்த்து எதிரில் இருக்கும் புரோட்டீனில் ஒட்டுவதுதான் கைனேஸ் செய்யும் காரியம்.

ஏபிள் என்று ஒரு கைனேஸ். சாதாரணமாக அடக்கமான அதிகாரி. மேலிடம் சொன்னால்தான் முத்திரையைத் தொடுவார். சி.எம்.எல். நோயில் இவருக்கு என்ன ஆகிறது என்பதைக் கண்டுபிடிக்க வெகு காலம் பிடித்தது. 1960-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், இந்த நோயாளிகளின் ரத்த செல்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். 1973-ல் சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற அம்மையார், 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தங்கள் நுனிகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று காட்டினார். அந்த இடமாற்றத்தில் ஏபிள் ஜீன், பி.சி.ஆர். என்ற வேறொரு ஜீனோடு போய் ஒட்டிக்கொள்கிறது. பிறக்கும் ஒட்டுப் புரோட்டீனுக்கு மேலிடத்துக் கட்டுப்பாடு கிடையாது. ராப்பகலாக "பெருகு, பெருகு" என்று முத்திரை குத்திக்கொண்டே இருக்கும். வெள்ளை அணு லட்சத்தைத் தாண்டுவது இதனால்தான்.

ஒரே ஒரு ஆகாரத்தில் வாழும் செல்

இந்த அதிகாரியை மட்டும் அடக்க ஒரு மருந்து வேண்டும். இங்கேதான் சங்கடம். 518 பேருக்கும் மைக் குழி ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒன்றை அடைக்கப் போய்ப் பத்தை அடைத்துவிட்டால் மருந்தே விஷமாகும். சுத்தம் செய்த கைனேஸைச் சோதனைக் குழாயில் போட்டு மருந்தைச் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் குழாயில் பிடித்த மருந்து, உயிருள்ள செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகுமா, அங்கே மலை போலக் குவிந்திருக்கும் ஏ.டி.பி.யோடு போட்டி போட்டு ஜெயிக்குமா என்று குழாய்க்குத் தெரியாது. சரி, நோயாளியின் புற்றுநோய் செல்லிலேயே போட்டுப் பார்த்தால்? அதில் கோளாறுகள் ஒன்றா இரண்டா? மருந்தைப் போட்டு அது செத்தாலும் எதனால் செத்தது என்று சொல்ல முடியாது.

விஞ்ஞானிகளுக்கு வேண்டியிருந்தது ஒரு நேர்மையான சாட்சி. கேட்ட ஒரு கேள்விக்கு ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் சாட்சி.

அந்தச் சாட்சி ஒரு எலியின் செல்லிலிருந்து வந்தது. பா-எஃப்-3 என்று பெயர். ஸ்விட்சர்லாந்தில் பாஸல் நகரத்து இம்யூனாலஜி ஆய்வுக்கூடத்திலிருந்து 1985-ல் வெளிவந்தது. வெள்ளை அணு வகையைச் சேர்ந்த இந்தச் செல்லுக்கு ஒரு விசேஷம் உண்டு. இன்டர்லூகின்-3 என்ற ஒரு பொருளை அதன் திரவத்தில் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது கிடைக்கிறவரை பெருகும். நிறுத்தினால் ஓரிரு நாளில் செத்துவிடும்.

1988-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் டேலி, டேவிட் பால்டிமோர் இருவரும் இந்தச் செல்லுக்குள் மேலே சொன்ன ஒட்டு ஏபிள் ஜீனைச் செலுத்தினார்கள். பிறகு இன்டர்லூகினை நிறுத்தினார்கள். செல் சாகவில்லை! வெளியிலிருந்து வரவேண்டிய "பெருகு" என்ற உத்தரவை இப்போது உள்ளேயே ஏபிள் கொடுத்துக்கொண்டிருந்தது. அதாவது, அந்தச் செல்லின் பிராணன் முழுவதும் ஒரே ஒரு கைனேஸின் கையில்.

ஜீனைச் செலுத்துவது எப்படி என்று இங்கே யாராவது கேட்கலாம். நோய் உண்டாக்காதபடி திருத்திய ஒரு வைரஸின் கூட்டுக்குள் ஜீனை வைத்து அனுப்புவது ஒரு வழி. உள்ளே போன ஜீன், வந்த விருந்தாளி போல இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விடுவதும் உண்டு. அது அவசரச் சோதனைக்கு உதவும். நமக்கு வேண்டியது விருந்தாளி இல்லை, ஸ்வீகாரப் பிள்ளை. செல்லின் சொந்தக் குரோமோசோமில் போய்ச் சேர்ந்து, செல் இரண்டாகும்போதெல்லாம் இரண்டுக்கும் வாரிசாகப் போக வேண்டும். இதைத்தான் ஸ்டேபிள் செல் லைன் என்கிறார்கள். நிலைத்த செல் வம்சம் என்று நாம் சொல்லலாம்.

எந்தச் செல்லில் ஜீன் நிலைத்தது என்று கண்ணால் பார்த்துத் தெரியாது. அதற்கும் ஒரு யுக்தி இருக்கிறது. ஜீனோடு கூடவே, ஒரு குறிப்பிட்ட ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் இன்னொரு ஜீனையும் சேர்த்து அனுப்புவார்கள். பிறகு அந்த ஆன்டிபயாட்டிக்கைத் திரவத்தில் ஊற்றினால், ஸ்வீகாரம் நடக்காத செல்களெல்லாம் சாகும். பிழைத்தவற்றைக் குழிக்கு ஒன்றாகப் பிரித்து, ஒரே செல்லிலிருந்து லட்சக்கணக்கில் வளர்த்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்துக்கொள்வார்கள். பத்து வருஷம் கழித்து எடுத்தாலும் அதே வம்சம், அதே சாட்சி.

விசாரணை

இனி விசாரணை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு தட்டில் ஒட்டு ஏபிளால் வாழும் செல். இன்னொரு தட்டில் அதன் தாய்ச் செல். இதற்கு ஏபிள் கிடையாது, வழக்கம் போல இன்டர்லூகின் போட்டு வளர்ப்பது. இரண்டிலும் ஒரே மருந்தைப் பல அளவுகளில் சேர்த்து இரண்டு மூன்று நாள் வைக்கிறார்கள். உயிரோடிருக்கும் செல் எவ்வளவு என்று அளக்க மின்மினிப் பூச்சியின் என்ஸைம் உதவுகிறது. உயிருள்ள செல்லில் ஏ.டி.பி. இருக்கும், அது இருந்தால் வெளிச்சம் வரும்.

இரண்டு தட்டிலும் செல்கள் செத்தால், அது வெறும் விஷம், தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டிலும் பிழைத்தால், உதவாத சரக்கு. ஏபிள் செல் செத்து, தாய்ச் செல் சௌக்கியமாக இருந்தால் மட்டுமே மருந்து சரியான ஆளைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதிலும் சந்தேகம் என்றால் இன்னொரு குறுக்கு விசாரணை உண்டு. ஏபிள் செல்லுக்கு மருந்தோடு கூட இன்டர்லூகினையும் கொடுத்துப் பார்ப்பார்கள். அது பிழைத்துக்கொண்டால், மருந்து ஏபிளை மட்டுமே நிறுத்தியது, செல்லின் மற்ற காரியங்களைக் கெடுக்கவில்லை என்று உறுதியாகும். சர்க்கார் ஆபீஸில் எத்தனையோ விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான விசாரணையை நான் பார்த்ததில்லை.

பாஸல் நகரத்துக் கம்பெனியில் உருவான இமாடினிப்பை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் டாக்டர் பிரையன் டிரக்கர் சோதித்தது இந்த முறையில்தான். அவர் பயன்படுத்தியவற்றில் ஒன்று 32-டி என்ற எலிச் செல். அதுவும் இன்டர்லூகின்-3 இல்லாவிட்டால் சாகும் ஜாதி. ஒட்டு ஏபிள் ஏற்றிய செல் அடங்கியது, தாய்ச் செல் அசையவில்லை. நோயாளிகளின் மஜ்ஜையிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் வளர்த்த நோய்ச் செல் திட்டுகள் 92 முதல் 98 சதவீதம் குறைந்தன. நல்ல திட்டுகள் அப்படியே இருந்தன. இது 1996-ல் பிரசுரமாயிற்று. 1998-ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் கட்டத்தில் தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை சரியாயிற்று. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் தேசத்தில் இந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் கேட்ட பேடன்டை 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் மறுத்ததும், அதனால் உள்நாட்டுக் கம்பெனிகளின் விலை மலிவான மாத்திரை தொடர்ந்து கிடைத்ததும் பத்திரிகைகளில் நீங்கள் படித்திருப்பீர்கள்.

அந்த ஒரு வரி

இப்போது அந்த ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். அதில் இருந்த வரி: "டி-315-ஐ மியூடேஷன் காணப்படுகிறது."

ஏபிள் புரோட்டீன் என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம். அதில் 315-ஆவது மணி த்ரியோனின். மைக் குழியின் வாசலில் இருக்கிறது. இமாடினிப் உள்ளே வந்து உட்காரும்போது இந்த த்ரியோனினைத்தான் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கிறது. நோய்ச் செல்கள் கோடிக்கணக்கில் பெருகும்போது, ஜீனைப் பிரதி எடுப்பதில் எங்கோ ஒரு எழுத்துப் பிழை நேர்ந்து, அந்த இடத்தில் ஐசோலூசின் வந்துவிடுகிறது. மருந்து பிடித்துக்கொள்ளக் கைப்பிடி போயிற்று, வாசலும் குறுகிப் போயிற்று. ஏ.டி.பி.க்கு மட்டும் தடையில்லை. அதிகாரி பழையபடி முத்திரை குத்த ஆரம்பித்துவிடுகிறார்.

இது 2001-லேயே தெரிந்த விஷயம். மருந்து வந்த அதே வருஷம், பலன் நின்றுபோன ஒன்பது நோயாளிகளைப் பரிசோதித்ததில் ஆறு பேருக்கு இதே 315-ஆம் இடத்து மாற்றம். பிறகு இப்படிப்பட்ட வேறு பல மாற்றங்களும் தெரியவந்தன. ஒவ்வொன்றையும் பா-எஃப்-3 செல்லில் ஏற்றி ஒவ்வொரு தனி வம்சம் செய்தார்கள். எந்த மாற்றத்துக்கு எந்த மருந்து கேட்கும் என்று அவை வரிசையாகச் சாட்சி சொல்லின. மாற்றமில்லாத ஏபிள் செல்லைப் பாதியாகக் குறைக்கும் இமாடினிப் அளவைப் போல 20 மடங்குக்கு மேல் கொடுத்தும் டி-315-ஐ செல் அசையவில்லை.

டாசாடினிப்பையும் இப்படித்தான் சோதித்தார்கள். 2004-ல் வந்த ஆய்வில், இமாடினிப்புக்கு அடங்காத 15 மாற்றங்களில் 14-ஐ அது அடக்கியது. அடங்காத அந்த ஒன்று எது தெரியுமா? டி-315-ஐ.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மருமான் 2012-ல் நான்கு மாதம் சாப்பிட்ட மாத்திரை அவனுக்குப் பலிக்காது என்று, எட்டு வருஷம் முன்பே ஒரு தட்டில் இருந்த எலிச் செல் சொல்லிவிட்டது. பரிசோதனையை முதலிலேயே செய்யச் சொல்லிக் கேட்க எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் அவன் டூர் போன நாட்களை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அப்போது டி-315-ஐ-க்கு மாத்திரை எங்களுக்கு எட்டவில்லை. போனாடினிப் 2012 டிசம்பரில்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2013-ல் அவனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று செய்தார்கள். கூடப் பிறந்த தங்கையின் மஜ்ஜை பொருந்தியது. தனி அறையில் ஒன்றரை மாதம். அதன் பிறகும் ஒரு வருஷம் பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. பகவான் கிருபையால் பிழைத்து, இன்று சௌக்கியமாக இருக்கிறான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் வீட்டுக்குப் போய், "அந்தக் காலண்டரை எடுத்துண்டு வாடா, எண்ணறேன்" என்றேன். "அதெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சு மாமா" என்று சிரித்தான். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. எழுபது வயதை நெருங்கும் மாமா சொல்லிப் பழகாத வார்த்தை. இன்று உங்கள் முன்னால் சொல்கிறேன், தப்பு என்னுடையது.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

தட்டில் இருக்கும் செல்லை நான் பெரிதாகப் புகழ்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அது மனுஷனுடையது கூட இல்லை, எலியுடையது. அதற்கு இருதயம் இல்லை, ஈரல் இல்லை. டி-315-ஐ-யை அடக்கும் போனாடினிப், சிலருக்கு ரத்தக் குழாய் அடைப்பை உண்டாக்குகிறது என்று தெரிந்து 2013-ல் அமெரிக்காவில் சில வாரங்கள் விற்பனையை நிறுத்தி, எச்சரிக்கையோடு மறுபடி அனுமதித்தார்கள். தட்டு அதைச் சொல்லியிருக்க முடியாது. 2021-ல் வந்த அசிமினிப் என்ற மருந்து மைக் குழியைத் தொடாமல், ஏபிளின் முதுகுப் பக்கம் இருக்கும் வேறொரு குழியில் உட்கார்ந்து அதை அடக்குகிறது. அதுவும் மற்ற மருந்துகள் போல, தட்டில் சாட்சி வாங்கிய பிறகு மனிதர்களிடம் வருஷக்கணக்கில் பரீட்சை எழுதித்தான் வந்தது.

கடைசியாக, நம் அங்கத்தினர் குடும்பங்களுக்கு மூன்று வார்த்தை. சி.எம்.எல். உள்ளவர்கள் யாராவது இருந்தால், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. 2010-ல் வந்த லண்டன் ஆய்வு ஒன்றில், பத்தில் ஒரு பங்கு மாத்திரையை விட்டவர்களுக்கே பலன் வெகுவாகக் குறைந்திருந்தது. மாதத்தில் மூன்று நாள்தான் அது. ஆகவே தவறாமல் சாப்பிட வேண்டும் என்பது வாஸ்தவம்.

இரண்டாவது, ஒட்டு ஜீனின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொல்கிறபடி, ஆரம்ப வருஷங்களில் சாதாரணமாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை, செய்துகொள்ளுங்கள். வெள்ளை அணு எண்ணிக்கை சரியாக இருப்பது மட்டும் போதாது. அளவு ஏறினால், மருந்தை மாற்றுவதற்கு முன்பு, "மியூடேஷன் டெஸ்ட் பார்க்க வேண்டுமா?" என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது என்னைப் போன்ற பெரியவர்களுக்கு. மருந்து பலிக்காமல் போனால் உடனே நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அவன் தவறாமல் சாப்பிட்டும் பலன் நின்று போகலாம். ஒரு மணி மாறினாலே போதும். தீர்ப்புச் சொல்வதற்கு முன் சாட்சியைக் கேளுங்கள்.